வரிசையில் நிற்பவரும் வராதவரும்

(தஞ்சையில் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் ஒரு பேச்சு கிளம்பும்: "படிச்சவன் ஓட்டுப் போட வர்றதில்ல, சேரிக்காரன் காசு வாங்கிட்டுப் போடுறான்." இந்தப் பேச்சைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

ஒரு ஓட்டால் முடிவு மாறுவது அபூர்வம். போட்டுவரவோ நேரமும் கூலியும் செலவு. பிறகு ஏன் போக வேண்டும் என்ற புதிரை 1957இல் அமெரிக்க ஆய்வாளர் அந்தோனி டவுன்ஸ் எழுப்பினார். அந்தக் கணக்குப்படி, முதலில் வீட்டில் இருக்க வேண்டியவர் அன்றாடங்காய்ச்சிதான். நடப்பதோ வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் பதிவானது சுமார் 54 விழுக்காடு. விவசாயக் கூலிகள் நிறைந்த நாகப்பட்டினம் தனித்தொகுதியில் சுமார் 72.

எல்லாம் காசுக்காக என்பார்கள். பணப்பட்டுவாடாவால் 2016இல் தேர்தல் நிறுத்தப்பட்ட இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று இதே தஞ்சாவூர். நகரத்தை மையமாகக் கொண்ட பொதுத்தொகுதி. காசு எல்லாத் தெருவுக்கும் போகிறது, பழி மட்டும் சேரிக்கு வருகிறது.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி வரி, சொத்து, படிப்பு உள்ளவர்களுக்கே ஓட்டு. பண்ணையாளுக்குக் கிடைத்தது சாணிப்பாலும் சவுக்கடியும். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் சைமன் குழுவிடம் கேட்டது இவர்களுக்காகவும்தான். 1952 தேர்தலில் மிராசுதாருக்கும் ஒரு ஓட்டு, பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை இழந்தது, கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். அதே ஆண்டு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஓட்டுக்குப் பின்னால் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயச் சங்கம் இருந்தது.

ஓட்டு இருந்தும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஓட்டு உயிரைக் காக்கவில்லை. அதன் பிறகும் நம் மக்கள் வரிசைக்கு வந்தார்கள். ஏன்? டீக்கடையில் தனிக் குவளை, சுடுகாட்டுக்குத் தனிப் பாதை. வாக்குச்சாவடியில் மட்டும் ஒரே வரிசை, ஒரே மை. என் அப்பாயி அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை என்று பெட்டியிலிருக்கும் நல்ல சேலையை எடுத்துக் கட்டுவார். யார் ஜெயித்தார் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

அந்த ஒரே வரிசையைப் பொறுக்காதவர்களும் உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே, சிதம்பரம் தொகுதியில் 1999இல் தோழர் திருமாவளவன் முதன்முதலாகப் போட்டியிட்டபோது தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். பலர் ஓட்டுப் போட முடியவில்லை. விழுக்காட்டுக் கணக்கில் அவர்களும் 'வராதவர்கள்'.

இன்றைய 'வராதவர்' திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பெயர் ஊர்ப் பட்டியலில், பிழைப்பு வெளியூரில். வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. ஆனால் ஒருநாள் விடுப்பில் ஊருக்கு வந்து திரும்ப முடியுமா? பஸ் காசு யார் தருவது? வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்த இடத்திலேயே வாக்களிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் முன்வைத்தது. 2024 தேர்தலில் அதுவும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

விரும்பி வீட்டில் இருப்பவரும், வரமுடியாமல் போனவரும் ஒன்றல்ல. அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலோடு உங்கள் தெருவுக்குப் போங்கள். யார் பெயர் விடுபட்டிருக்கிறது, யார் வெளியூரில் இருக்கிறார், யாரை யார் மிரட்டுகிறார் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசலாம், சேரி ஏன் ஓட்டுப் போடுகிறது என்று.

ஜெய்பீம்!