கேள்வி கேட்கும் நேரம்



மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் அப்போது அமைச்சரைக் கேள்வி கேட்கலாம்.

என்ன கேட்பார்கள்? எல்லாம் நம் வீட்டு விஷயம்தான்.

ரயில் பயணத்துக்கு 100 ரூபாய் செலவானபோது, பயணிகள் தந்தது 54 ரூபாய்தான். 2024 டிசம்பரில் மக்களவையில் ரயில்வே அமைச்சர் இதைச் சொன்னார். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அது திரும்ப வருமா என்று உறுப்பினர்கள் பலமுறை கேட்டார்கள்.

கங்கை நீரைப் பங்கிட 1996-இல் வங்கதேசத்துடன் ஒப்பந்தம் போட்டோம். அதைப் பற்றியும் கேட்கலாம்.

2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 மே மாதம் நீங்கியது. தடையால் வாங்குபவருக்கு விலை குறையலாம். விளைவித்தவருக்கோ நஷ்டம். இரண்டு பேருக்காகவும் கேட்க வேண்டும் அல்லவா?

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். உடனே துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகளுக்கு எழுத்தில்தான் பதில். 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், கேள்வி நேரம் நடக்கவில்லை. எழுத்துப் பதில் மட்டுமே கிடைத்தது. காகிதத்தை மடக்கிக் கேட்க முடியுமா?

இப்போது நமக்கு எழுதத் தெரியும். நம் ஊர்க் குறையை எழுதுவோம். நம் உறுப்பினருக்கு அனுப்புவோம். "இதை அவையில் கேளுங்கள்" என்று சொல்வோம்.