யானைக் கன்றின் செவிலியர்

தாயை இழந்த யானைக் கன்றுக்குப் பசும்பாலை ஊட்டினால் பிழைத்துவிடும் என்று நினைப்பது இயல்பே ஆயினும், அப்பாலின் கொழுப்பு அதற்குச் சீரணமாவதில்லை என்பதையும், தேங்காய் எண்ணெய் சேர்த்த பாலுணவே அதன் பிராணனைக் காக்க வல்லது என்பதையும், கென்யா நாட்டு டாஃப்னி ஷெல்ட்ரிக் அம்மையார் பல்லாண்டுப் பிரயாசைக்குப் பின்னரே கண்டறிந்தார். பால் மட்டும் போதுமா? அவர் தம் மகளின் விவாகத்தின் பொருட்டுச் சில தினங்கள் பிரிந்திருந்தபோது, அவரையே தாயென நம்பியிருந்த ஆயிஷா என்ற கன்று ஏங்கி உணவொழிந்து மாண்டது.

அந்தத் துக்கம் கற்பித்த பாடத்தால், 1977-இல் கணவர் டேவிட் மறைந்தபின் அவர் நாமத்தால் நிறுவிய அறக்கட்டளையின் நைரோபி இல்லத்தில், மூன்று மணிக்கொருமுறை பாலூட்டி, இரவில் கன்றின் கொட்டிலிலேயே துயிலும் பராமரிப்பாளர்கள், ஒருவர் மீதே பாசம் குவிந்துவிடாதபடி முறைமாற்றிப் பணிபுரிகின்றனர். தாயின் வயிற்றில் தும்பிக்கையைச் சார்த்திப் பால் குடிக்கும் வழக்கமுடைய கன்றுக்கு, அவர்கள் கம்பளியைத் தொங்கவிட்டு அந்த ஸ்பரிசத்தையும் அளிக்கின்றனர். உலகம் மிருக வைத்தியரைப் போற்றுகிறது. இந்த இராக்காவலரை எவர் நினைக்கிறார்? ஏட்டுப் படிப்பால் மட்டும் வாய்க்காத இவ்வித்தைக்குப் பயிற்சியும் தக்க ஊதியமும் அளிப்பது தர்மமன்று, கடமையே என்பது என் கருத்து. இவர்கள் கையில் வளர்ந்த கன்றுகள் பின்னர் கென்யாவின் சாவோ வனத்தில் காட்டு யானைகளுடன் கலக்கின்றன.

நம் வனப்புறங்களில் காயமுற்றோ தனித்தோ இருக்கும் யானைக் குட்டியைக் காண நேர்ந்தால், கருணை மிகுதியால் பாலூட்ட முற்படாமல், வனத்துறைக்கு உடனே அறிவியுங்கள்.