கையை ஊன்றாமல் எழுந்தேன்
(கொல்கத்தா உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

நிமோனியாவில் மூன்று மாதம் படுத்து எழுந்து, பழைய நினைப்பில் ரவீந்திர சரோவரைச் சுற்றக் கிளம்பினேன். பாதி வழியில் கால் மடங்கிவிட்டது. நெஞ்சு தேறியிருந்தது, தொடைச் சதைதான் கரைந்திருந்தது. படுக்கையில் சீக்கிரம் தேய்வது கால்தானாம்.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி ஒன்றே: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. முதல் வாரம் 3 முறைக்குமேல் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. யுவராஜ் சிங்கை நினைத்துக்கொள்வேன். 2012 மார்ச்சில் புற்றுநோய்க்கு கீமோதெரபி முடித்தவர், செப்டம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் 26 பந்தில் 34 ரன் எடுத்தார். அவருக்கு வயது 30, எனக்கு 68. அது வேறு விஷயம். பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது வாரம் லேக் மார்க்கெட்டில் காய் வாங்கி, இரண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்த ஆத்துக்காரி பையை வாங்கவில்லை. "நீங்களே உள்ளே வையுங்கோ" என்றாள்.