துணைக்கு ஓர் ஆள்: மனநல சிகிச்சைக்கு நம் குடியிருப்பு என்ன செய்யலாம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அடுத்து மழைநீர் வடிகால் பற்றிய பேச்சு இருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மனநல உதவிக்காக நம் குடியிருப்பில் ஒரு சிறிய குழு வேண்டும் என்று போன மாதம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்த ஒரு நண்பர், "தண்ணீர், லிஃப்ட், குப்பை, இதுதானே சங்கத்தின் வேலை? இதை எதற்கு நாம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. 12 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை.

நம் குடியிருப்பில் 240 வீடுகள். சுமார் 700 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சராசரி நமக்கும் பொருந்தினால் 70 பேருக்கு மேல் வருகிறது. அதில் ஐம்பது பேராவது எந்த டாக்டரிடமும் போகவில்லை. இது வெறும் கணக்குதான். யார் என்று தேடச் சொல்லவில்லை. தேடவும் கூடாது. ஆனால் இத்தனை வீடுகள் இருக்கும் இடத்தில் ஒருவருமே இல்லை என்று நினைக்க முடியாது.

சென்னையில் போக இடம் இல்லையா? இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் 1984இலிருந்து இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா 1986இலிருந்து இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் அங்கே இலவசம். சில ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. பிறகு ஏன் போவதில்லை?

என் வேலை புறநோயாளிப் பிரிவில். வருகிறவர்களிடம் "எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்பது என் முதல் கேள்வி. இரண்டு வருடம், ஐந்து வருடம் என்பார்கள். "ஏன் முன்பே வரவில்லை?" என்றால் வருகிற பதில்கள் மிகச் சாதாரணமானவை. கூட வர ஆள் இல்லை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? லீவு கிடைக்கவில்லை. எந்த டாக்டர், எந்த அறை என்று தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

கடைசிப் பதிலைக் கவனியுங்கள். 200 வருடத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரையே நாம் திட்டும் சொல்லாக வைத்திருக்கிறோம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நம் வீட்டுப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் எப்படித் துணிந்து அங்கே போவார்?

நம் பிளாக்கில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன நடக்கும்? ஒருவர் லிஃப்டைப் பிடித்து நிறுத்துவார். ஒருவர் கார் எடுப்பார். எதிர் வீட்டு அம்மா குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுவார். மறுநாள் நான்கு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்ப்போம். அதே வீட்டில் ஒருவர் மூன்று வாரமாகத் தூங்கவில்லை, குளிக்கவில்லை, அழுதுகொண்டே இருக்கிறார் என்றால்? அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். நாமும் நம் கதவைச் சாத்திக்கொள்வோம். நெஞ்சு வலிக்கு நாம் செய்கிற அதே உதவிகள்தான் இங்கேயும் தேவை. நான் கேட்பது அவ்வளவுதான்.

"அதற்குப் படித்தவர்கள் வேண்டாமா?" என்று கேட்கலாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது நம் மாநிலத்தில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் நடந்தது. கிராமங்களில் நிறையத் தற்கொலைகளுக்குக் காரணம், மனம் உடைந்த அந்த நிமிடத்தில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் ஊர்க்காரர்களோடு பேசி, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓர் இடத்தில், வங்கி லாக்கர் மாதிரிப் பெட்டிகளில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். விவசாயிகள் ஒத்துழைத்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன என்று ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அங்கே உதவியது ஒரு பூட்டும், ஊர் சேர்ந்து எடுத்த ஒரு முடிவும்.

இரண்டாவது கோவாவில். அங்கே சங்கத் என்ற தொண்டு நிறுவனம், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேச வைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில், மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள் 39 சதவீதம். இவர்களோடும் பேசியவர்களில் 64 சதவீதம். இந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். மேலே ஒரு நிபுணர் மேற்பார்வை இருந்தது. நாளைக்கே நாமும் அதைச் செய்யலாம் என்று சொல்லவில்லை. சாதாரண மனிதர்களின் உதவிக்கு எவ்வளவு பலம் உண்டு என்று காட்டவே சொல்கிறேன்.

இனி, நாம் செய்யக்கூடியவை. ஐந்து விஷயம்.

ஒன்று, தகவல். ஒவ்வொரு லிஃப்டிலும் நோட்டீஸ் போர்டிலும் ஒரே ஒரு தாள் ஒட்டுவோம். அதில் முதல் எண் 14416. இது டெலி மனாஸ் என்ற அரசு சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அடுத்து, மாநில சுகாதார உதவி எண் 104. பிறகு, ஸ்நேகாவின் 044-24640050. கூடவே, நமக்குப் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கட்டடம், எந்த நாள், எத்தனை மணிக்குச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விவரம். அதை நேரில் போய் விசாரித்து எழுதித் தருவது என் பொறுப்பு.

இரண்டு, துணை. டாக்டரிடம் கூட வருவதற்கு ஐந்தாறு பேர் பெயர் கொடுத்தால் போதும். ஆண்களும் பெண்களும் வேண்டும். தெலுங்கு, இந்தி தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. இவர்கள் வேலை ஆலோசனை சொல்வது அல்ல. ஆட்டோ பிடிப்பது, சீட்டு வாங்குவது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, வரும் வழியில் மருந்து வாங்கிக் கொடுப்பது. பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். அப்போது "டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அடுத்த தடவையும் நான் வருகிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் சிகிச்சை அறுந்துபோகாது.

மூன்று, பகல் நேர உதவி. பிரசவமான புதுத் தாய்மார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் பெரியவர்கள், மறதி நோய் உள்ளவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார். இவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது வீட்டில் வந்து உட்கார்ந்தால் தங்களுக்காக டாக்டரைப் பார்த்துவிட்டு வர முடியும்.

நான்கு, நம்மிடம் வேலை செய்பவர்கள். செக்யூரிட்டி அண்ணன்மார், ஹவுஸ்கீப்பிங் அக்காமார், வீட்டு வேலைக்கு வருபவர்கள். சில பேர் ஊரையும் குடும்பத்தையும் விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, இரவு முழுதும் விழித்திருக்கிறார்கள். அந்தத் தாள் செக்யூரிட்டி அறையிலும் இந்தியில் இருக்க வேண்டும். 14416இல் இந்தியிலும் பேசலாம். டாக்டரிடம் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று தீர்மானம் போடவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்து, இதுதான் மிக முக்கியம்: ரகசியம். யார் உதவி கேட்டார்கள் என்பது துணைக்குப் போன ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை வரக் கூடாது. "அந்த அம்மாவுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்" என்று நல்ல மனதோடுகூடப் போடக் கூடாது. நிர்வாகக் குழுக் குறிப்பேட்டில் பெயர் எழுதக் கூடாது. இந்த ஒன்றில் தவறினால் மற்ற நான்கும் வீண். ஒருமுறை பேச்சு வெளியே போனால் பிறகு ஒருவரும் நம்மிடம் வரமாட்டார்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. யாருக்கும் நாமாக நோயின் பெயரைச் சூட்ட வேண்டாம். "மாத்திரையெல்லாம் எதற்கு, யோகா போதும்" என்றோ, "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்றோ சொல்ல வேண்டாம். வற்புறுத்தி இழுத்துப் போக வேண்டாம்.

நேற்று ஒருவர் போன் செய்து கேட்டார். "ஒரு வீட்டில் ராத்திரியானால் ஒருவர் சத்தம் போடுகிறார். குழந்தைகளுக்குப் பரீட்சை. வீட்டு ஓனரிடம் சொல்லிக் காலி செய்யச் சொல்லலாமா?" அவருடைய கஷ்டம் உண்மையானது, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் காலி செய்ய வைத்தால் அந்தச் சத்தம் வேறொரு தெருவுக்குப் போகும். நடுவில் அந்தக் குடும்பத்துக்கு டாக்டர், மருந்துக்கடை, பழகிய முகங்கள் எல்லாம் போய்விடும். நோய் கூடும். முதலில் இரண்டு பேர், பகல் நேரத்தில், புகாராக இல்லாமல் போய், "உங்களுக்கும் தூக்கம் இல்லை போலிருக்கிறதே, நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்காகவே பல வீடுகள் காத்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் 108ஐயும் போலீஸையும் கூப்பிடத்தான் வேண்டும். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அப்படிப் பாதுகாப்பில் எடுக்கப்படுபவரை லாக்கப்பில் வைக்க முடியாது. மருத்துவ உதவிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு தெரிந்துகொள்ளுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கேஸ் வருமே என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு இருப்பதைப் போலவே மனநோய்க்கும் வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

ஒருவர் "இனி இருந்து என்ன" என்ற மாதிரிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொல்ல ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும். தனியாக விடாதீர்கள். மாத்திரை, மருந்து போன்றவற்றைக் கையில் எட்டாமல் எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து 14416க்குப் போன் போடுங்கள். காட்டுமன்னார்கோயில் பூட்டு நமக்கும் பொருந்தும்: மொட்டை மாடிக் கதவைப் பூட்டி, சாவியை செக்யூரிட்டியிடம் வைக்கும் தீர்மானத்தையும் இன்றே எடுக்கலாம். வடாம் காயப்போடுபவர்கள் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்ளட்டும்.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவு? தாள் அச்சடிக்கும் காசு. மெயின்டனன்ஸ் ஒரு ரூபாய்கூட ஏறாது. துணைக்கு வருபவர்களுக்கு ஒருநாள் பயிற்சி தர ஒரு மனநல நிபுணரை அழைத்து வர நான் முயற்சி செய்கிறேன். சங்கம் இந்தக் கூடத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். தண்ணீர் வராவிட்டால் 240 வீட்டாரும் சேர்ந்து டேங்கர் கொண்டுவருகிறோம், ஏனென்றால் தனி வீட்டால் அது முடியாது. ஒரு குடும்பம் தனியாகத் தூக்க முடியாததைச் சேர்ந்து தூக்கத்தான் சங்கம் இருக்கிறது. இதுவும் அப்படி ஒன்று.

பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் ஓட்டுக்கு வரும்போது ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். துணைக்கு வர விருப்பமுள்ளவர்கள் இங்கே கை தூக்க வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உதவி வேண்டும் என்பவர்களும் அதே கதவைத் தட்டலாம். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது.

வடிகால் பற்றிப் பேச இருப்பவரிடம் மைக்கைத் தருகிறேன்.