கித்தா காட்டுக் கொசுவும் ரத்தம் சொல்லும் சாட்சியும்

லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைக் கவிழ்த்தால், தேங்கிய தண்ணீரோடு புழுக்கள் நெளிந்து விழும். அத்தனையும் கொசுப்புழு.

கொசு என்றால் இன்னொரு கதையும் உண்டு. 1955-இல் மலாயாவில் பிடித்த கொசுக்களிலிருந்து ஆய்வாளர்கள் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் கெத்தா. நாம் ரப்பரை 'கித்தா' என்கிறோமே, அதே மலாய்ச் சொல்! 1978-இல் ஜப்பானில் பந்தயக் குதிரைகளுக்குக் காய்ச்சலும் கால் வீக்கமும் வந்தது இதனால்தான். மனிதர் ரத்தத்திலும் இதன் தடயம் கிடைத்திருக்கிறது.

தடயம் என்பது எதிர்ப்பொருள். வைரஸ் வந்து போன பிறகும், அதை எதிர்த்து உடம்பு செய்த பொருள் ரத்தத்தில் தங்கிவிடும். காய்ச்சலே காணாதவர் ரத்தமும் சாட்சி சொல்லும். இன்னொரு கொசு வைரஸான ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றி உடம்பில் பெருகும். ஆனால் வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோய் காட்டாது. அதனால்தான் பன்றியின் ரத்தத்தையும் சோதிக்கிறார்கள்.

இந்தச் சாட்சியும் சில நேரம் குழப்பும். டிங்கியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் பங்காளி வைரஸ்கள். ஒன்றுக்கான சோதனையில் மற்றொன்றின் எதிர்ப்பொருளும் மாட்டிக்கொள்ளும்.

1998, 99-ஐ மறக்க முடியுமா? ஈப்போ பக்கமும் புக்கிட் பெலாண்டோக்கிலும் மக்கள் மூளை வீங்கி இறந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நம்பினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே படுத்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள், பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சாவுகளுக்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் நிப்பா, அது பரவியதில் கொசுவுக்குப் பங்கே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. யாருக்கு நோய், என்ன வேலை, எந்தப் பிராணி என்ற கேள்விகள் இன்னும் முன்னதாகவே ஓங்கி ஒலித்திருக்க வேண்டும்.

ஆகவே காய்ச்சலோடு கிளினிக் போகிறவர்களே, எந்த நாள் காய்ச்சல் தொடங்கியது என்று முதலில் சொல்லுங்கள். முதல் சில நாளில் டிங்கிக்கு என்எஸ்1 சோதனை வைரஸின் புரதத்தையே பிடிக்கும். எதிர்ப்பொருள் தெரிய ஐந்து நாள்போல ஆகும். நாள் தவறினால் டிங்கி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். பால்வெட்டா, செம்பனையா, ஆடு மாடு வளர்ப்பா, வீட்டுப் பக்கம் பன்றிப் பண்ணை உண்டா, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.