பிளவு என்றொரு சொல்

தமிழாசிரியனுக்குப் பௌதிகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு சொல்தான் என்னை அங்கே இழுத்துச் சென்றது.

1938 டிசம்பர். யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கிய ஒட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் பேர்லினில் பேரியத்தைக் கண்டு திகைத்தனர். ஹிட்லருக்குத் தப்பிச் சுவீடனில் அடைக்கலம் புகுந்திருந்த லீசே மைட்னருக்கு ஹான் கடிதம் எழுதினார். நத்தாருக்கு வந்திருந்த தமக்கை மகன் ஒட்டோ பிரிஷுடன் பனியில் நடந்த அந்த அம்மையார், மரக்கட்டையொன்றில் அமர்ந்து கடதாசித் துண்டில் கணக்கிட்டார்.

கருவை நீர்த்துளியாக எண்ணுங்கள். துளியைத் திரட்டி வைப்பது மேற்பரப்பிழுவை. யுரேனியத்தில் 92 புரோத்தன்களின் தள்ளுகை அதனை ஏறக்குறைய ஈடுசெய்து விடுகிறது. நியூத்திரன் ஒன்று புகுந்தால் போதும். துளி நெளிந்து, இடை சிறுத்து, இரண்டாகிறது. புரோத்தனின் ஐந்திலொரு பங்களவு திணிவு குறைந்து சக்தியாகிறது.

பெயர் வேண்டுமே! கலம் இரண்டாவதை எப்படி அழைப்பீர்கள் என்று கொப்பன்ஹேகனில் ஓர் உயிரியலாளரிடம் பிரிஷ் கேட்டார். 'பிளவு' என்றார் அவர். உயிர் பெருகுவதற்கு வைத்த பெயர் 1939இல் இதற்கும் ஆயிற்று.

ஒவ்வொரு பிளவிலும் இரண்டு மூன்று நியூத்திரன்கள் தெறிக்கும் என்பது பிறகுதான் நிறுவப்பட்டது. கலங்களைப் போலவே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும். பெயர் அவ்வளவு பொருந்திவிட்டது!

1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம். பிளந்தது ஒரு கிலோ அளவுதான். சக்தியாக மாறியதோ ஒரு கிராமும் இல்லை.

குண்டு வேலைக்கு மைட்னரையும் அழைத்திருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். பிரிஷ் போனார்.