வயிற்றுள் வாழும் காவலர்

(தருமபுரி மாவட்டத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தகடூர் என்னும் பழம்பெயர் தாங்கிய இம்மண், தன் வாழ்நாளினும் பிறர் வாழ்நாளைப் பெரிதாகக் கருதிய ஒருவனை ஈன்ற மண். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டது இங்கேயன்றோ! அக்கொடையின் இற்றை வடிவமே உறுப்புக் கொடை. 1998-ஆம் ஆண்டில், இரண்டு அகவையும் நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தையொன்றுக்குத் தில்லியில், அதன் தந்தையின் ஈரலில் ஒரு கூறு எடுத்துப் பொருத்தப்பெற்றது. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியுறச் செய்யப்பெற்ற முதல் ஈரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகவும் ஆனது.

ஆயினும், ஈரலைப் பொருத்தியதோடு இடர் தீர்ந்துவிடுவதில்லை. புதிய ஈரலை அயற்பொருளென்று உடல் தாக்காதிருக்க, நோயெதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை நாள்தோறும் உண்ணல் வேண்டும். அந்நிலையில், நலமுடையாரை ஒன்றும் செய்யாத நுண்ணுயிரியும் இவரைக் கொல்ல வல்லதாகிவிடுகிறது. அது எங்கிருந்து வருகிறது? பல வேளைகளில் அவர்தம் குடலிலிருந்தே வருகிறது!

மாந்தக் குடலில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பகையல்ல, காவல். நாம் செரிக்கமாட்டாத நார்ப்பொருளை அவை உண்டு, குடற்சுவரை வலுப்படுத்தும் பொருள்களை ஆக்கித் தருகின்றன. தீயவற்றுக்கு இடங்கொடாமல் நிறைந்து நிற்கின்றன. ஈரல் நோயாளிக்கோ குடற்சுவர் தளர்ந்திருக்கும். மீண்டும் மீண்டும் கொடுக்கப்பெறும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நல்லவற்றையும் சேர்த்தே அழிக்கின்றன. பயிரும் களையும் ஒருசேரக் கருகிய வெற்று நிலத்தில், எம்மருந்துக்கும் அடங்காத முரட்டுக் களையே முதலில் முளைக்கும். அக்களை குருதியிற் புகுந்தால் பொருத்திய ஈரலும் போகும், உயிரும் போகும்.

இதற்கு என் செய்வது? பாலை உறைய வைக்கும் தாய்மார்களுக்கு விடை தெரியும். வீட்டுத் தயிர் கெட்டுப்போனால், அண்டை வீட்டில் நல்ல உறைமோர் வாங்கி வந்து ஊற்றுகிறோம். அதுபோல, நலமுள்ள ஒருவரின் மலத்தை ஆய்ந்து, உப்புநீரிற் கரைத்து வடித்து, அதிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளைக் குழாய் வழியாகவோ உறையிலிட்ட மருந்தாகவோ நோயாளியின் குடலுக்குள் செலுத்துகின்றனர். மலநுண்ணுயிர் மாற்று என்பது இதுவே. குடலுக்கு உறை ஊற்றுதல் என்றால் இன்னும் விளங்கும்.

அருவருப்புக் கொள்ள வேண்டா. எருவின்றி விளைச்சல் இல்லை என்பதை அறிந்த உழவர் குடியினர் நாம். கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கெ ஓங்கு, கடும் வயிற்றுப்போக்குக்கு இம்முறையைக் கையாண்டார். 1958-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பென் ஐசுமன் குழுவினர், கொடிய குடலழற்சியுற்ற நால்வரை இவ்வாறு தேற்றினர். 2013-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், திரும்பத் திரும்ப வரும் ஒருவகைக் கொடிய வயிற்றுப்போக்குக்கு இம்மருத்துவம் பெற்ற 16 பேரில் 15 பேர் நலமுற்றனர். 2017-இல் தில்லி ஈரல் மருத்துவ நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், குடியால் ஈரல் கடுமையாக அழன்று, வழக்கமான மருந்துக்கு இடமற்றிருந்த எண்மரில் எழுவர் ஓராண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். குடியால் குலையும் குடும்பங்கள் நிறைந்த நம் ஊர்கள் இச்செய்தியைக் கருத்திற் கொள்ளத் தக்கன.

எனினும், மெய்யை மறைத்தல் கூடாது. ஈரல் மாற்றுப் பெற்றோர்க்குத் தொற்று வாராமற் காக்க இம்முறை பயன்படுமா என்பது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. 2019-இல் அமெரிக்காவில், போதிய ஆய்வுக்கு உட்படாத மலத்திலிருந்து, நோயெதிர்ப்பாற்றல் குன்றிய இருவர்க்கு மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரி தொற்றியது, ஒருவர் இறந்தார். கெட்ட உறைமோர் பானை முழுவதையும் கெடுக்குமன்றோ! ஆகவே, கொடையாளரின் குருதியையும் மலத்தையும் நுணுகி ஆய்ந்து, தேர்ந்த மருத்துவர் மட்டுமே செய்யத்தக்க பணி இது. வீட்டில் முயல்வது உயிருக்கே இறுதியாகும்.

இன்னொன்றும் எண்ணல் வேண்டும். பெண்ணாகரத்து உழவரொருவர் ஈரல் மாற்றுக்காகப் பெருநகர் மருத்துவமனையின் படியேறுகிறார். அவர்முன் ஆங்கிலத் தாளொன்றை நீட்டிக் கையெழுத்துப் பெறுவது இசைவு ஆகாது. பிறர் குடலின் உயிர்கள் தம் குடலுக்குள் வரப்போகின்றன என்பதையும், அதன் நன்மை தீமைகளையும் தம் தாய்மொழியில் கேட்டு, வினவி, உணர்ந்து தருவதே இசைவு. தமிழில் விளக்க இயலாது என்பார் உறைமோரை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆய்வு முடியும்வரை நாம் வாளா இருத்தல் வேண்டுமோ? வேண்டா. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரிகள் சென்னையிலும் பரவியிருப்பதை 2010-இல் வெளிவந்த ஆய்வே காட்டிற்று. அதற்கெதிரான மருத்துவர்களின் அறிக்கை 2012-இல் சென்னையிலிருந்தே எழுந்தது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் சொல்லாமலே கடையில் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்கும் வழக்கத்தை இன்றே விடுவோம். மருத்துவர் கொடுத்ததை அளவுப்படி உண்போம். கேழ்வரகும் சாமையும் மொச்சையும் இம்மண் தரும் உணவுகள். அவற்றின் நார் நம் வயிற்றுக் காவலர்க்கும் உணவு.

நெல்லிக்கனி தந்தவன் நாட்டில் பிறந்தோம். உறுப்பைத் தருவதோடு, தந்த உறுப்பு நிலைக்கும் வழியையும் அறிவோம். பிறர்க்கும் அவர்தம் மொழியில் அறிவிப்போம்!